ஆறும் ஒண்ணும்

அன்றைக்கு நடந்த பேச்சை மாதேஸ்வரி இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வாள். யார் முதலில் கேட்டார்கள், யார் எந்த இடத்தில் சிரித்தார்கள், யார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்கள் என்பது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து அவளுடைய நாத்தனார் மேகலா வந்திருந்தாள். மத்திகிரியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் மேகலா உட்கார்ந்திருந்தாள். மேகலாவின் தம்பியும் மாதேஸ்வரியின் கணவனுமான ஹரீஷ்குமார், கம்பெனியில் பகல் ஷிஃப்ட் முடிந்து வந்து சுவரில் சாய்ந்திருந்தான். ஐந்து வயது முடிந்த மகள் லிகிதா அத்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தங்கம், உனக்குக் கண்ணு எத்தனை?” என்று கேட்டாள் மேகலா.

“ரெண்டு.”

“காது?”

“ரெண்டு.”

“மூக்கு?”

“லாபம்.”

மேகலா குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். “என்னா சொன்ன?”

“மூக்கு லாபம், அத்தை.”

“அப்ப வாயி?”

“வாயும் லாபம்தான்.”

மேகலா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “சரி, வாரத்துக்கு எத்தனை நாளு?”

“ஆறும் ஒண்ணும்.”

“அப்படின்னா எத்தனை?”

“அதான் அத்தை, ஆறும் ஒண்ணும். அதுக்கப்புறம் எட்டு.”

மேகலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏன்டா ஹரீஷு, உம் பொண்ணுக்கு மூக்கும் வாயும் லாபமாம். மூளைதான் நஷ்டமாட்டம் இருக்குது.”

ஹரீஷ்குமாரும் சிரித்தான். அடுப்படி வாசலில் நின்ற மாதேஸ்வரியும் சிரித்தாள். குழந்தை கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறது, அதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். மற்ற இருவரும் நிறுத்திய பிறகும் அவள் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்கூலை விட்டு நிறுத்தி எத்தனை நாளாச்சு?” என்றாள் மேகலா.

“ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்க்கா,” என்றான் ஹரீஷ்குமார்.

“ஒரு வருசமா வீட்டுல வெச்சு இதைத்தான் சொல்லிக்குடுத்தியா, மாதேஸ்வரி?”

“ராகி அளக்கறப்ப அப்படித்தான் அண்ணி சொல்லோணும். அதைப் பார்த்துப் பழகிட்டா.”

“புள்ள மூக்கை எதுக்குடி அளக்கற?”

மேகலா தம்பியின் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“நான் சொல்றதைக் கேளு. தளி ரோட்டு ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாசுக்கு ஆள் எடுக்கறாங்க. கூட்டிட்டுப் போயிக் காட்டுவோம். எடுத்துக்கிட்டாங்கன்னா இங்கயே இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா எங்கூட அனுப்பிடு. கிருஷ்ணகிரியில வெச்சு நான் படிக்க வெக்கறேன்.”

“அக்கா சொல்றது நியாயம்தானே,” என்றான் ஹரீஷ்குமார், மாதேஸ்வரியைப் பார்த்து. அவன் அவளைக் கேட்கவில்லை, அறிவித்தான். மேகலா மிச்ச டீயைக் குடித்து முடித்தாள்.

லாபம் என்பது மாதேஸ்வரி கண்டுபிடித்த சொல் அல்ல. பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்தவள் அவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். அந்தப் பக்கம் ராகியைச் சேரால் அளக்கும்போது யாரும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். முதல் சேர் லாபம். இரண்டாவதிலிருந்துதான் எண்கள். ஏழாவது சேரில் இன்னொரு சங்கடம் உண்டு. தெலுங்கில் ஏழு என்றால் ஏடு. அழு என்றாலும் ஏடுதான். வீட்டுக்கு வந்த தானியத்தின் முன்னால் நின்றுகொண்டு அழு அழு என்று சொல்வார்களா? அதனால் ஆறும் ஒன்றும் என்று சொல்லிவிட்டு எட்டுக்குப் போய்விடுவார்கள். தமிழில் ஏழு என்றால் யாரும் அழப்போவதில்லை. ஆனால் வீட்டில் இனித் தமிழ்தான் பேச வேண்டும் என்று ஹரீஷ்குமார் சொன்னபோது, மாதேஸ்வரி தன் வாயில் இருந்ததையெல்லாம் அப்படியே தமிழாக்கிக்கொண்டாள். இதுவும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

ஹரீஷ்குமாரின் வீட்டாரும் தெலுங்குக்காரர்கள்தான். கிருஷ்ணகிரி டவுனில் டயர் கடை வைத்த பிறகு தெலுங்கைக் கைகழுவிவிட்டார்கள். மேகலாவுக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். யாராவது பேசினால் புரியாதது போல உட்கார்ந்திருப்பாள்.

மாதேஸ்வரி குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது ஒரு ஈரப்பாவாடையால். ஓசூரில் வேன் அனுப்பும் சின்னப் பள்ளி ஒன்றில் லிகிதாவை எல்.கே.ஜி.யில் போட்டிருந்தார்கள். ஒருநாள் குழந்தை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில். இங்கிலீஷில் கேட்டால்தான் அனுப்புவேன் என்றிருக்கிறாள் மிஸ். அந்த வாக்கியம் குழந்தைக்குப் பாதிதான் வந்தது. பாதி வாக்கியத்துக்குக் கதவு திறக்கவில்லை. வகுப்பிலேயே போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் பார்க்க, வேன் புறப்படும் வரை அதே பாவாடையோடு நிற்க வைத்திருந்தார்கள். வேனில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டோம் என்றார்களாம். இதை லிகிதா சொல்லவில்லை. வேன் டிரைவர் சொன்னார், சிரித்துக்கொண்டே.

அதன்பிறகு வேன் ஹாரன் கேட்டாலே குழந்தை நின்ற இடத்தில் நனைத்துவிடுவாள். மாதேஸ்வரி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். “எட்டாவது படிச்ச நீ என்னாத்தைச் சொல்லிக்குடுப்ப?” என்றான் ஹரீஷ்குமார். “எட்டு வரைக்கும் சொல்லிக்குடுக்கறேன், அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றாள் அவள்.

அப்படித்தான் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. தனியாகப் பாட நேரம் கிடையாது. காலையில் துணி காயப்போடும்போது கிளிப்பை எண்ணிக் கொடுப்பது லிகிதாவின் வேலை. அவரைக்காய் உரிக்கும்போது முத்தல், பிஞ்சு, சொத்தை என்று மூன்று குவியலாகப் பிரிப்பாள். முறத்தில் ராகி மாவைப் பரப்பி விரலால் எழுத்து எழுதுவாள். பிழை வந்தால் முறத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும், சிலேட்டு துடைத்தது போல ஆகிவிடும். இங்கிலீஷ் எழுத்துகளை வண்டிகளின் நம்பர் பலகையிலிருந்து கற்றாள். டி.என். என்றால் நம்ம வண்டி, கே.ஏ. என்றால் அந்தப் பக்கத்து வண்டி. கே எழுத்தை அவள் கால் நீட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும் அப்பா என்பாள். மாட்டுப் பண்ணை வேலியோரம் நடந்துபோய்ச் சினை மாடு எது, கறவை மாடு எது என்று பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை மாவு மில்லுக்குப் போகும் முன்னால், சாக்கிலிருந்து ராகியைச் சேரால் அள்ளிப் போடும்போது தாயும் மகளும் சேர்ந்து எண்ணுவார்கள். லாபம் என்பதைக் குழந்தை ராகமாக இழுப்பாள்.

பள்ளியை விட்டபின் வெளியாட்களிடம் பேசாமலே இருந்த லிகிதா, பல நாள் கழித்து வாயைத் திறந்தது மாவு மில்லில்தான். எங்க ராகியை முதல்ல போடுங்க என்று மில்காரரிடம் சொன்னாள். அன்றைக்கு மாதேஸ்வரி வழியெல்லாம் மாவுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தனக்குள் சிரித்தபடி வந்தாள்.

குழந்தை எல்லாவற்றுக்கும் லாபம் என்று சொல்வது அவளுக்குத் தெரியும். தட்டில் எத்தனை களி உருண்டை மிச்சம் என்று கேட்டால் லாபம் என்பாள். ஒரு செருப்பைக் காணோம் என்றால், லாபம் செருப்புதான் இருக்குது என்பாள். திருத்த வேண்டும் என்று மாதேஸ்வரிக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. அளப்பதற்கு ஒரு கணக்கு, எண்ணுவதற்கு ஒரு கணக்கு என்பது தனக்குத் தானாகத் தெரிந்தது போலக் குழந்தைக்கும் தெரியும் என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் பத்துக் குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்திருந்தால் தெரிந்திருக்கும். இந்த வீட்டில் லிகிதா ஒருத்திதான்.

வீட்டுக்காரம்மா கெம்பம்மா மாடிப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். “என்னம்மா டீச்சரம்மா, இன்னிக்கு என்ன கிளாசு? வெங்காயமா, பூண்டா?”

மேகலா வந்துபோன மறுநாள் கிளாஸ் மாறியது.

மாதேஸ்வரி அவரைக்கொட்டைகளை வரிசையாக வைத்தாள். முதல் கொட்டையைத் தொட்டு, “இது ஒண்ணு. சொல்லு,” என்றாள்.

“அது லாபம்.”

“இல்ல, ஒண்ணு.”

“ஒண்ணு ஆறுக்கு அப்புறம்தானே வரும்?”

“அது அளக்கறப்ப. இது எண்றது.”

“அளக்கறப்ப எண்றோம்ல?”

மாதேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். குழந்தை சொல்வது சரியாகத்தான் இருந்தது. எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. “நான் சொல்றதைச் சொல்லு,” என்றாள். அதற்கு முன்னால் அந்தச் சொற்களை அவள் குழந்தையிடம் சொன்னதே இல்லை.

ஒண்ணு நான்கைந்து நாளில் படிந்துவிட்டது. ஏழுதான் வரவில்லை. ஆறு வரை மளமளவென்று வந்து, நாக்கு தானாக ஆறும் ஒண்ணுக்குப் போய்விடும். இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தால் சிக்ஸ் அண்ட் ஒன் என்றாள். கட்டிலில் படுத்திருந்த ஹரீஷ்குமார் அதைக் கேட்டு உரக்கச் சிரித்தான். “இதுவும் உன் சிலபஸ்தானா? அக்காகிட்ட போன் பண்ணிச் சொல்லட்டுமா?”

அவன் உண்மையிலேயே போனை எடுத்தான். விளையாட்டுக்குத்தான் எடுத்தான் போலும். அதற்குள் மாதேஸ்வரியின் கை எழுந்து குழந்தையின் கன்னத்தில் விழுந்துவிட்டது.

லிகிதா அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கை அதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை. பிறகு, “ஏழு,” என்றாள்.

அதுதான் அந்த வீட்டுக்கு வந்த கேடு. அடித்ததும் ஏழு வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் மாதேஸ்வரி அத்தோடு நிறுத்தியிருப்பாள், அழுதிருப்பாள், மடியில் தூக்கி வைத்திருப்பாள். அடி பலித்தது. மறுநாள் ஆறும் ஒண்ணும் திரும்ப வந்தது, மறுபடி ஓர் அறை, மறுபடி ஏழு. துணி காயப்போடும்போது, அவரை உரிக்கும்போது, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, எங்கே ஆறு வந்தாலும் அடுத்து அவள் கை தயாராக இருந்தது. இங்கிலீஷில் செவனுக்கும் அதே மருந்து. குழந்தையைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பக்கூடாது என்பதைத் தவிர அப்போது அவள் தலைக்குள் எதுவும் ஓடவில்லை. அந்த நினைப்போடு அடிப்பதால் அது அடி போலவே அவளுக்குத் தெரியவில்லை.

ராகி அளக்கும்போதும் ஒண்ணு என்றே தொடங்கினாள். குழந்தை சேரில் கை வைப்பதை நிறுத்திவிட்டது. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்துப் போர்ஷனில் எஸ்லின் என்ற பெண் தனியாகக் குடியிருந்தாள். தளி ரோட்டுப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு உதவி டீச்சர். அதிகம் பேசாதவள். அங்கே இண்டர்வியூவுக்கு லிகிதாவின் பெயரைக் கொடுத்து வைத்ததும் அவள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். ஒருநாள் குழாயடியில், “அக்கா, பாப்பா அழுவற மாதிரி கேட்டுச்சு,” என்றாள்.

“பாடம் நடக்குது,” என்றாள் மாதேஸ்வரி, குடத்தை நகர்த்தி வைத்தபடி.

எஸ்லின் தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

பிறகு ஒருநாள் அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. லிகிதா ஆறு சொன்னாள், இடது உள்ளங்கையால் கன்னத்தை மூடிக்கொண்டாள், ஏழு சொன்னாள், கையை எடுத்தாள், எட்டு சொன்னாள். ஒவ்வொரு முறையும் அப்படியே. மாதேஸ்வரி அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். கணக்கு சரியாக வருகிறது, அது போதும் என்று நினைத்தாள். பாஸாகிவிட்டால் அந்தக் கை தானாக இறங்கிவிடும்.

பள்ளிக்கு எல்லோருமாகப் போனார்கள். மேகலா பட்டுச்சேலையில் வந்திருந்தாள். லிகிதாவுக்குப் புது கவுன் வாங்கி வந்து, அவளே போட்டுவிட்டு, ஜடையைப் பிரித்து மறுபடி பின்னினாள். அவளுக்குக் கைப்பக்குவம் உண்டு. கல்யாணமாகி வெகுகாலமாகியும் குழந்தையில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு வளைகாப்பில் அவள் நீட்டும் வளையலை வாங்காமல் அடுத்தவளிடம் கையை நீட்டுவார்கள். ஒருமுறை மாதேஸ்வரியும் அப்படி நீட்டியிருக்கிறாள், லிகிதா வயிற்றில் இருந்தபோது. மேகலா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

குழந்தைகளுக்குப் பரீட்சை வைக்கக்கூடாது என்பதால் அங்கே அதற்குச் சும்மா பேசிப் பார்ப்பது என்று பெயர். பிரின்சிபல் வயதான அம்மாள், சாந்தமான குரல். மேசைமேல் எஸ்லின் ஒரு மணிப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தெரிந்தவள் போல லிகிதாவைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்துவிட்டு ஓரமாக நின்றாள்.

குழந்தை தன் பேர் சொன்னாள், அப்பா பேர் சொன்னாள். பிரின்சிபல் காட்டிய அட்டையில் எழுத்துகளைப் படித்தாள். நிறம் கேட்டதற்கு நிறம் சொன்னாள்.

“இந்த மணியெல்லாம் எண்ணிச் சொல்றியா, கண்ணா?”

“ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ், சிக்ஸ்.” உள்ளங்கை கன்னத்துக்குப் போனது. “செவன்.” கை இறங்கியது. “எய்ட், நைன், டென்.”

“வெரி குட். தமிழ்ல?”

தமிழிலும் அப்படியே. ஆறு, கன்னம், ஏழு, எட்டு.

“பல் வலிக்குதா உனக்கு?” என்றார் பிரின்சிபல்.

“இல்ல மேம். இது ஏழு.”

“எது ஏழு?”

லிகிதா பொறுமையாகக் கையை மறுபடி கன்னத்தில் வைத்துக் காட்டினாள், தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது போல. “ஏழு வர்றப்ப இப்படி வெச்சுக்கோணும். மறந்துட்டா அம்மா அடிப்பாங்க. இப்ப நான் மறக்கறதில்ல.”

எஸ்லின் மணிகளைப் பெட்டிக்குள் எடுத்துப் போட்டாள். பிரின்சிபல் மாதேஸ்வரியைப் பார்த்தார், பிறகு ஹரீஷ்குமாரைப் பார்த்துப் பேசினார். “பாப்பா நல்லா சொல்றா. எங்களுக்கு எடுத்துக்கறதுல ஒண்ணும் ஆட்சேபனை இல்ல. ஆனா வீட்டுல கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்.”

வெளியே வேன்கள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் மாதேஸ்வரிதான் முதலில் பேசினாள். “அண்ணி, எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நீங்க சொன்னபடி…”

“பாஸானா இருக்கட்டும்னு சொன்னேன். அறைஞ்சு பாஸாக்குன்னா சொன்னேன்?”

“உங்களுக்குப் பயந்துகிட்டுத்தான் அண்ணி.”

“அப்ப அதுவும் எந் தலையில. நல்லா இருக்குதுடி நியாயம்.”

மாதேஸ்வரி கணவனைப் பார்த்தாள். ஹரீஷ்குமார் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கும் ஏதாவது திருப்பிச் சொல்ல வந்திருக்கும். நிதானமாகக் கேட்டான். “அந்த ஸ்கூலை விட்டு எதுக்கு நிறுத்தின?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஈரத்துணியோட நிக்க வெச்சாங்க. ஆனா அவங்ககூட அடிக்கலையே, மாதேஸ்வரி.”

மேகலா குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பட்டுச்சேலை மண்ணில் புரண்டது, அதைக் கவனிக்கவில்லை. “தங்கம், அத்தை வீட்டுக்கு வர்றியா? அங்க உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க.”

“அம்மாகூட இருக்கேன்,” என்றாள் லிகிதா.

“பார்த்தியா ஹரீஷு. எப்படிப் பயந்துபோயிச் சொல்றா பாரு.”

“பயமில்ல,” என்றாள் குழந்தை.

“அதைக்கூடப் பயந்துகிட்டேதான் சொல்றா.”

குழந்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தாள். அவளை அள்ளித் தூக்கிக்கொள்ள மாதேஸ்வரி வேகமாகக் கையை நீட்டினாள். கை வருவதைப் பார்த்ததும் லிகிதா கன்னத்தை மூடிக்கொண்டாள்.

“ஏழு,” என்றாள்.

மேகலா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். துணிமணியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றான் ஹரீஷ்குமார். மேகலாவும் குழந்தையும் கிருஷ்ணகிரிக்கு அன்றைக்கே போய்விட்டார்கள். மத்திகிரி டவுன் பஸ்ஸில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்பினார்கள். அன்றைக்கும் அவன் அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டான், உப்பு கம்மி என்றான்.

விஷயம் காம்பவுண்டு முழுக்கப் பரவ நேரமாகவில்லை. பேரப்பிள்ளைகளைத் துடைப்பக்கட்டையோடு மாடிப்படியில் துரத்தும் கெம்பம்மா, மாதேஸ்வரி குழாயடிக்கு வந்தால் அந்தப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். “அந்தம்மா கைக்குப் பக்கத்துல போவாதீங்கப்பா, கணக்கு கேட்டுப்புடும்.” பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். அவள் தலையைப் பார்த்தால் கன்னத்தை மூடிக்கொண்டு ஏழு, ஏழு என்று கத்திவிட்டு ஓடுவார்கள்.

பகலில் வீட்டில் இருக்க முடியாமல் மாதேஸ்வரி பாகலூர் ரோட்டில் ரோஜாப் பூக்களைக் கட்டிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். கட்டுக்கு இருபது பூ. எண்ணுவதற்குப் பயந்துகொண்டு இலை கிள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஹரீஷ்குமார் வார விடுமுறையில் கிருஷ்ணகிரிக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவான். மாதேஸ்வரி அவனோடு ஒரே ஒருமுறை போனாள். திரும்பி வந்த மறுநாள் மேகலா போனில் சொன்னாள்: “நீ வந்துட்டுப் போனா அவ படுக்கையை நனைச்சுடறா. கொஞ்ச நாளைக்கு வராத.” அது உண்மையாகவும் இருக்கலாம். குழந்தை அம்மாவுக்காக ஏங்கி நனைத்தாளா, அம்மாவுக்குப் பயந்து நனைத்தாளா என்று யார் சொல்வது? மேகலா ஒன்றைச் சொன்னாள், ஹரீஷ்குமார் அதை நம்பினான். இரவில் படுத்துப் புரளும்போது மாதேஸ்வரியும் அதையே நம்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மேகலாவே வீடியோ கால் போடுவாள். குழந்தை தெம்பாகத்தான் இருந்தாள். கிருஷ்ணகிரியில் நல்ல பள்ளி, மாலையில் ஸ்கேட்டிங், கட்டில் நிறைய பொம்மை. மேகலாவின் வீட்டில் குழந்தையிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. மேகலாவும் அவள் கணவனும் தட்டுத்தடுமாறி அப்படித்தான் பேசினார்கள். மாதேஸ்வரி முதல் வாரம் தமிழில் பேச்செடுத்தாள். “வேண்டாம் மாதேஸ்வரி, இப்பத்தான் பழகியிருக்கறா, கெடுத்துடாத,” என்று மேகலா போனை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் தாழ்ந்த குரலில் தெலுங்கில், சாப்பிட்டியா அம்மா என்று கேட்டாள். லிகிதா பதில் சொல்லும் முன்னால் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “ஐ ஆம் ஃபைன், மம்மி,” என்றாள்.

போன வாரம் தன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட மாதேஸ்வரி கையைத் தூக்கினாள். அவ்வளவு தூரத்தில், ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் இருந்துகொண்டு, குழந்தை முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டது. “இன்னும் மறக்கலை பாரு,” என்று மேகலாவின் குரல் கேட்டது. அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். அதுதான் மாதேஸ்வரியால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் மொட்டைமாடியில் எஸ்லின் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மாதேஸ்வரி படியேறி வந்தாள். பள்ளியில் அந்த அறையில் நின்றவள் என்பதால் இத்தனை மாதமாக எஸ்லினின் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த ஒரு துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எஸ்லின், எனக்கு ஒண்ணு சொல்லிக்குடுக்கறியா?”

“சொல்லுங்கக்கா.”

“சனிக்கிழமை போன்ல சொல்றதுக்கு. தமிழ்ல சொன்னா வெச்சுடுவாங்க.” துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டாள். “அம்மா இனிமே அடிக்க மாட்டாங்கறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லோணும்? மெதுவாச் சொல்லும்மா. தப்பு வந்தா நான் திருப்பித் திருப்பிச் சொல்றேன்.”